மாவுக்குப் போர்த்திய கம்பளி



மும்பையில் குளிர் என்று சொன்னால் டெல்லியில் இருக்கும் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். டிசம்பர் கடைசியில் ஒரு நாள், மரைன் டிரைவில் சால்வையோடு நடக்கும் நாலு பேர் படத்தைப் போட்டு நாளேடுகளும் அந்தப் பேச்சை முடித்துக்கொள்ளும். நாமும் அதை நம்பி, ஊட்டிக்குப் போனபோது வாங்கிய ஸ்வெட்டரைப் பரணில் ஏற்றிவிட்டோம். காலை ஏழரைக்கு ஜன்னலைத் திறக்கிறவருக்கு இந்த ஊரில் குளிர்காலம் கிடையாது, அது சரிதான். நாலு மணிக்குத் தெருவில் நிற்கிறவருக்கு உண்டு. இந்த மாதம் அவர்களைப் பற்றியும், அவர்கள் உடம்பில் இருக்க வேண்டிய கம்பளியைப் பற்றியும் உங்களோடு பேச நினைக்கிறேன்.

முதலில் இந்தக் குளிர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். இமயமலைப் பக்கம் மேற்கத்தியக் காற்றுச் சலனம் ஒன்று மழையையும் பனியையும் கொட்டிவிட்டுக் கடந்து போனதும், அதன் பின்னாலேயே வறண்ட வடகாற்று கீழே இறங்கும். ராஜஸ்தான், குஜராத் வழியாக வந்து நம் ஊரைத் தொடும். வானத்தில் மேகம் இருக்காது. பகலெல்லாம் தரை வாங்கி வைத்த சூடு இரவில் மேலே போய்விடும். கடல் சூழ்ந்த கொலாபாவில் இது அவ்வளவாகத் தெரியாது. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் சில டிகிரி குறைவாகவே காட்டும். 1962 ஜனவரி 22 அன்று அங்கே 7.4 டிகிரி செல்சியஸ் பதிவானது. மும்பைக் குளிருக்கு இன்றும் அதுதான் எல்லைக்கல். 2012 பிப்ரவரியில் 8.8 வரை இறங்கியது. வழக்கமான மார்கழி, தை விடியலில் 14, 16 என்று நிற்கும். சமவெளி ஊர்களில் குளிர் அலை என்று அறிவிக்க 10 டிகிரியைக் கணக்காக வைத்திருக்கும் வானிலைத் துறை, கடலோர ஊர்களுக்கு 15 டிகிரியையே அளவாக எடுத்துக்கொள்கிறது. வருஷம் முழுக்க வியர்த்துப் பழகிய கடற்கரை உடம்புக்கு 15 டிகிரியே வாட்டும் குளிர்தான். அதே நாள் மதியம் 31, 32-க்கு ஏறிவிடும். விடியலில் நடுங்கி மதியம் வேர்க்கும் ஊர் இது. எந்தத் துணியைப் போட்டாலும் இந்த இரண்டையும் அது தாங்க வேண்டும்.

தாராவியில் 90 அடி சாலையிலிருந்து பிரியும் சந்துகளில் இரவு இரண்டு, மூன்று மணிக்கே அடுப்பு மூட்டிவிடுகிறார்கள். நம் தென்மாவட்டங்களிலிருந்து வந்த இட்லிக்காரர்கள். சின்ன அறை, பெரிய கொப்பரை, தட்டு தட்டாக இட்லி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆவியில் சுவர் வியர்க்கும், ஆட்களும் வியர்ப்பார்கள். நாலரை, ஐந்துக்குள் இட்லிப் பாத்திரம், சாம்பார், சட்னி எல்லாம் சைக்கிள் கேரியரில் ஏறிவிடும். ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு ஒருவர் சயான் பக்கம், ஒருவர் குர்லா பக்கம், இன்னொருவர் பாந்த்ரா பக்கம். பாந்த்ரா போகிறவர் மாஹிம் கழிமுகத்தைத் தாண்டும்போது அலையாத்திக் காட்டின் மேலிருந்து வரும் காற்று நேரே நெஞ்சில் மோதும். இரண்டு நிமிஷம் முன்புவரை கொப்பரை முன்னால் நின்ற உடம்பு அது. பனியன் இன்னும் ஈரமாக இருக்கும்.

அப்படி ஒரு அறையில் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். மூலையில் மறுநாளைக்கு அரைத்த மாவு இருந்தது. குளிர்காலத்தில் மாவு லேசில் பொங்காது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த அடுக்கைச் சுற்றி ஒரு சாம்பல் நிறக் கம்பளி. இரண்டு சுற்று சுற்றி, முனையைச் செருகி, மேலே ஒரு பலகையும் வைத்திருந்தார்கள். அங்கே இருந்த ஒரே கம்பளி அதுதான். இட்லி ஊற்றிக்கொண்டிருந்த தம்பி பருத்தி பனியனும் அதன்மேல் ஒரு பருத்திச் சட்டையுமாக இருந்தார். கேட்டேன். "மாவு பொங்கலன்னா நாளைக்குப் பொழப்பு போச்சு அண்ணாச்சி. நமக்கென்ன, மேல இன்னொரு சட்டையப் போட்டா சரியாப் போச்சு" என்றார்.

சரியாகப் போகாது. இன்னொரு சட்டை அவருக்கு உதவாது என்பதில்தான் இந்த விஷயமே இருக்கிறது. குளிரைத் தடுப்பது துணி மட்டும் இல்லை. துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்றும்தான். பருத்தி வேர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நூலிடையே காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். தண்ணீரோ காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே நனைந்த பருத்தி உடம்பின் சூட்டை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும். அதன்மேல் இன்னொரு பருத்தியைப் போட்டால் அதுவும் கொஞ்ச நேரத்தில் நனையும்.

ஆட்டு மயிரின் சங்கதி வேறு. இயல்பிலேயே அது சுருள் சுருளாக இருப்பதால் எவ்வளவு நெருக்கி நெய்தாலும் உள்ளே காற்றுக்கு இடம் இருக்கும். மயிரின் மேல்பரப்பு தண்ணீரை எளிதில் ஒட்டவிடாது. உட்பகுதியோ ஆவியாக வரும் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் ஈரம் வாங்கிய பிறகும் கையில் நனைந்த உணர்வு வராது. அப்படி ஈரத்தை வாங்கும்போது கம்பளி கொஞ்சம் சூட்டையும் வெளியிடுகிறது. ஆவி நிறைந்த அறையிலிருந்து குளிர்காற்றுக்குள் போகிறவருக்கு, அந்த முதல் கால் மணி நேரத்துக்கு, இதைவிடப் பொருத்தமான துணி கிடையாது. வெயில் ஏறியதும் கழற்றிச் சுருட்டிக் கேரியரில் செருகிவிடலாம். இன்னொன்றும் உண்டு: கம்பளியில் வேர்வை நாற்றம் அவ்வளவாகத் தங்காது. ஒரே ஒரு ஸ்வெட்டர் வைத்திருப்பவருக்கு, அதுவும் தண்ணீர் குழாயடியில் வரிசையில் நின்று பிடிக்கும் இடத்தில், இது சின்ன விஷயம் இல்லை.

சைக்கிளில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தளரப் பின்னிய கம்பளி காற்றைத் தடுக்காது. நின்றுகொண்டு வேலை செய்கிறவருக்கு அது போதும். எதிர்க்காற்றில் மிதிக்கிறவர் மேலே மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் ஸ்வெட்டருக்கும் சட்டைக்கும் நடுவில் நெஞ்சுப் பக்கம் ஒரு நாளேட்டை மடித்து வையுங்கள். பழைய காலத்திலிருந்து சைக்கிள்காரர்கள் செய்துவரும் யோசனை, இன்றைக்கும் பலிக்கும்.

வெளியே நின்று குளிரில் நடுங்குகிறவர்களை நம் பழைய பாட்டும் மறக்கவில்லை. நக்கீரரின் நெடுநல்வாடையை எடுத்துப் பாருங்கள். கூதிர்க்காலத்தைச் சொல்லத் தொடங்கும்போது புலவர் கண்ணில் முதலில் படுகிறவர்கள் கோவலர்கள்தான். வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டு நிலத்துக்கு மாட்டை ஓட்டிப் போனவர்கள், கொள்ளிக்கட்டையைக் கையில் பிடித்து நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். அரண்மனையும் அரசியும் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். குளிரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் வெளியே நிற்கிறவனிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இனி கடைக்கு வருவோம். நவம்பர் பிறந்தால் மும்பை நடைபாதைகளில் ஸ்வெட்டர் வரிசை தொங்கத் தொடங்கும். விற்கிறவர்களில் பலர் திபெத்தியர்கள். 1959-க்குப் பிறகு அடைக்கலம் தேடி இந்தியா வந்த குடும்பங்கள். கர்நாடகத்தின் பைலகுப்பே, முண்ட்கோடு போன்ற குடியிருப்புகளில் மக்காச்சோளம் அறுத்து முடித்த கையோடு, லூதியானாவிலிருந்து சரக்கு எடுத்துக்கொண்டு மூன்று, நான்கு மாதம் ஊர் ஊராக உட்கார்ந்து விற்பார்கள். சென்னையிலும் கோவையிலும் அவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதங்களின் வருமானம்தான் பலருக்கு வருஷச் சோறு. அவர்களிடம் வாங்குங்கள். வாங்கும்போது கழுத்துப் பட்டியில் தைத்திருக்கும் சீட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஏனென்றால் இன்று 'உல்லன்' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அக்ரிலிக். கேஷ்மிலான் என்று நூல் கடையில் கேட்டு வாங்குவதும் அதுதான். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், விலை குறைவு, பூச்சி அரிக்காது. உலர்ந்திருக்கும்வரை நன்றாகவே சூடு தரும். அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். வேர்வையை உள்வாங்க அதற்குத் தெரியாது. அதைவிட முக்கியமானது நெருப்பு. கம்பளி லேசில் பற்றாது. பற்றினாலும் கருகி நின்றுவிடும். அக்ரிலிக் உருகிச் சொட்டித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கொப்பரைக்கும் ஸ்டவ்வுக்கும் முன்னால் நிற்கிறவர், தெருமுனையில் குப்பையைக் கொளுத்திக் குளிர்காய்கிறவர், இவர்கள் போடக்கூடாத துணி அது. தாராவி இட்லி அறைகளில் அக்ரிலிக் ஸ்வெட்டரை அடுப்பு வேலை முடிந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல ஆசையாக இருக்கிறது.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு நூல் போதும். உள்தையலிலிருந்து ஒரு பிரியை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். தலைமயிர் கருகும் வாசனை வந்து, விரலில் தேய்த்தால் பொடியானால் அது ஆட்டு மயிர். உருகிக் கெட்டியான கறுப்பு மணியாக நின்றால் அக்ரிலிக். இரண்டும் கலந்த நூலில் இரண்டும் தெரியும். 1964-இல் வந்த வூல்மார்க் முத்திரையை, அந்த நூற்பந்து போன்ற கறுப்பு வெள்ளைச் சுழலை, நீங்கள் விலை உயர்ந்த துணிகளில் பார்த்திருக்கலாம். தூய கம்பளிக்குத் தரும் அடையாளம் அது.

"கம்பளி குத்துது" என்று குழந்தைகள் அழுவது பொய்யில்லை. ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு மேல் தடித்த மயிரின் முனை வளையாமல் தோலில் குத்தும். மெரினோ ஆட்டின் மயிர் அதைவிட மெல்லியது, அதனால் உறுத்தாது. நம் தக்காணி ஆட்டின் மயிர் முரடு. அதை உள்ளாடை மாதிரி போடக் கூடாது. மேலே போர்த்தத்தான் அது.

அந்த முரட்டு மயிருக்கு நம் மகாராஷ்டிரத்தில் நீண்ட வரலாறு இருக்கிறது. தங்கர் என்னும் ஆட்டிடையர்கள் போர்த்தும் கோங்கடியை சோலாப்பூர், சாங்லி, கோலாப்பூர் பக்கம் குழித்தறியில் நெய்கிறார்கள். கையால் நூற்ற நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு விறைப்பேற்றுவார்கள். விரித்தால் படுக்கை, போர்த்தினால் கம்பளி, முனையை மடித்துத் தலையில் கவிழ்த்தால் மழைக்குக் குடை. நம் பக்கத்துக் குறும்பர்கள் நெய்த கம்பளியும் இதன் உறவுதான். இன்று அந்த மயிருக்கு வாங்குவார் குறைந்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் மெல்லிய கம்பளிக்கும் இடம் இருக்கிறது: நீலகிரி ஆடு அதற்குப் பெயர் பெற்ற இனம், கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இயங்கி வருகிறது. நமக்குப் பக்கத்திலேயே தாணேயில் 1925-இல் தொடங்கிய கம்பளி ஆலைதான் பிற்பாடு ரேமண்ட் ஆனது. இந்த ஊருக்குக் கம்பளி அந்நியம் என்று யாரும் சொல்ல முடியாது.

தாராவியிலேயே நின்றுவிட்டேன். மாட்டுங்காவில் குளிர்காலம் என்றால் மார்கழி பஜனை, ஃபைவ் கார்டன்ஸில் மங்கி கேப்போடு நடக்கும் பெரியவர்கள், பூக்கடை வாசலில் விடிவதற்கு முன்பே ஈர மூட்டையைப் பிரித்துத் தொடுக்க உட்காரும் பெண்கள். பூக்காரம்மாக்களின் விரல்களைப் பற்றி நாம் நினைப்பதே இல்லை. தண்ணீர் தெளித்துத் தெளித்து அந்த விரல்கள் விறைத்திருக்கும். விரல்நுனி திறந்த கையுறை ஒன்று பின்னிக் கொடுத்தால் தொடுக்கவும் வரும், உள்ளங்கை சூடாகவும் இருக்கும். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஊசியும் நூலுமாக உட்காரும் நம் மாமிகளுக்கு இது இரண்டு நாள் வேலை.

செம்பூரில் சேடா நகர் முருகனுக்கு 108 படி ஏறிப் போகும் கூட்டம் விடியலில் வெறுங்காலோடு இருக்கும். அது பக்தியின் குளிர், அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளிலும் உர ஆலையிலும் இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குளிர்காலத்தில் காற்று மேலெழும்பாமல் தூசியும் புகையும் தரையோடு தங்கும். மஃப்ளரை மூக்கில் சுற்றிக்கொண்டால் குளிர்தான் குறையும், அந்தத் தூசிக்கு முகக்கவசமே வேண்டும்.

இந்த மூன்று பகுதிகளிலும் எல்லா வாசலிலும் இருக்கும் ஒருவர் வாட்ச்மேன். பாலியெஸ்டர் சீருடை, பிளாஸ்டிக் நாற்காலி, இரவு முழுக்கக் கேட் வாசல். தொப்பியும் விசிலும் சீருடையில் சேரும்போது ஒரு முழுக்கை ஸ்வெட்டர் ஏன் சேரக் கூடாது? ஹவுசிங் சொசைட்டியின் அடுத்த கூட்டத்தில் இதை எழுப்புங்கள். தீபாவளி இனாம் பற்றிப் பேசும் அளவுக்கு நேரம்கூட ஆகாது. விடிவதற்குள் பெருக்க வரும் மாநகராட்சித் தொழிலாளர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

நம் சங்க விழாக்களைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். மேடையில் ஏறும் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்துகிறோம். ஜரிகை மின்னும் அந்தத் துணி ஒருநாளும் யார் தோளையும் சூடாக்கியதில்லை; வாங்கியவர் வீட்டில் அடுக்கடுக்காக இருக்கும். டிசம்பர், ஜனவரி விழாக்களிலாவது ஒரு கோங்கடியையோ கதர்க்கடைக் கம்பளியையோ போர்த்துங்கள். நெய்தவருக்குக் கூலி கிடைக்கும். போர்த்திக்கொண்ட பெரியவர் அதைத் தமக்கு வைத்துக்கொண்டாலும் சரி, வாசலில் நிற்பவருக்குக் கொடுத்தாலும் சரி, அது பயன்படும்.

பரணில் இருப்பதை என்ன செய்வது? எவர்சில்வர் பாத்திரக்காரப் பெண்கள் வரும்போது பட்டுப் புடவையோடு ஸ்வெட்டரையும் போட்டு ஒரு டப்பா வாங்குகிறோம். அந்தத் துணிகளும் பழைய துணிச் சந்தை வழியாக யாரோ ஒருவருக்குப் போய்ச் சேரத்தான் செய்கின்றன. பானிப்பட்டில் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து, பஞ்சாக்கி, மறுபடி நூற்றுத்தான் நிவாரணக் கம்பளிகளை நெய்தார்கள். தாராவியில் மாவைச் சுற்றியிருந்த சாம்பல் கம்பளி அந்த இனம். ஆனால் நேராகக் கொடுக்க முடிகிறபோது சுற்றுவழி எதற்கு? டெல்லியில் அன்ஷு குப்தா 1999-இல் கூஞ்ச் அமைப்பைத் தொடங்கியது தம் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்த 67 துணிகளோடுதான். 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. வெள்ளம், பூகம்பம் என்றால் ஓடிவரும் உதவி, ஒவ்வொரு வருஷமும் தவறாமல் வரும் குளிருக்கு வருவதில்லை என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்.

கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை. மும்பை மழைக்காலத்தைப் பரணில் கழித்த கம்பளியில் பூஞ்சை இருக்கும்; அந்துப்பூச்சி அரித்த ஓட்டையும் இருக்கலாம். இரண்டு நாள் வெயிலில் போட்டு உதறுங்கள். பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரிலோ ஈஸி போன்ற திரவச் சோப்பிலோ, சூடில்லாத தண்ணீரில், அலசி எடுங்கள். வெந்நீரில் போட்டுக் கசக்கினால் மயிரின் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஸ்வெட்டர் குழந்தைச் சட்டையாகிவிடும். முறுக்கிப் பிழியாமல், ஒரு துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் பரப்பிக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் கை நீண்டுபோகும். அறுந்த பொத்தானைத் தைத்துவிடுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ளப் போவதற்கு மடிப்புகளில் அந்துருண்டையோ வசம்போ போட்டு, மழைக்கு முன் காற்றுப் புகாத பையில் கட்டுங்கள்.

ஆண்களுக்கான முழுக்கை ஸ்வெட்டர், அழுக்குத் தெரியாத நிறம், மங்கி கேப், இவைதான் வெளியில் வேலை செய்கிறவர்களுக்கு அதிகம் தேவைப்படுகின்றன. பொங்கல் கழித்துக் கொடுக்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். மார்கழி முதல் வாரத்திலேயே கையில் சேரட்டும். நம் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டாம். உங்கள் வீட்டுக்கு இட்லி கொண்டுவருகிறவர், பால் போடுகிறவர், பேப்பர் போடுகிறவர், வாசலில் உட்கார்ந்திருப்பவர், யாரிடம் கொடுப்பது என்று உங்களுக்கே தெரியும். அளவு கேட்டுக் கொடுங்கள். கம்பளியை எப்படித் துவைப்பது என்பதையும் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுங்கள்.

விடிவதற்கு முன் வேலைக்குப் போகும் வாசகர்கள் நம் இதழுக்கு நிறையப் பேர் உண்டு. நீங்கள் எதைப் போட்டுக்கொண்டு போகிறீர்கள், எது உதவுகிறது, எது உதவவில்லை என்று எங்களுக்கு எழுதுங்கள். பிப்ரவரி இதழில் இரண்டு பக்கம் உங்கள் கடிதங்களுக்காக ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்